மலைப்பாதைக்கு ஒரு சின்ன வண்டி: பெட்டியில் வரும் புதுசா, கைமாறிய ஜப்பான் வண்டியா?

அமெரிக்காவில் டென்வர் பக்கம் குடிவந்து நாலைந்து வருடம் ஆன நம் ஆட்கள் பலருக்கு இந்த ஆசை வந்துவிடுகிறது. சனிக்கிழமை காரில் மலைக்குப் போகிறோம். தார்ச்சாலையிலிருந்து ஒரு மண்பாதை பிரிந்து பைன் மரங்களுக்குள் ஏறிப் போகிறது. ஒரு சின்ன பைக் புழுதி கிளப்பிக்கொண்டு அதில் நுழைந்து வளைவில் மறைகிறது. நாம் காரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த மாதிரி வண்டிக்கு டூயல் ஸ்போர்ட் என்று பெயர். நம்பர் பிளேட், ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் இருப்பதால் ரோட்டில் ஓட்டலாம். உயரமான சஸ்பென்ஷனும் கட்டைப் பட்டன் டயரும் இருப்பதால் கல், மண், ஓடைத் தண்ணீர் எல்லாவற்றிலும் இறக்கலாம்.

கடந்த இரண்டு வருடத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணா, ஆன்லைன்ல 1,800 டாலருக்குப் புது வண்டியே கிடைக்குதாமே, வாங்கலாமா?" நான் அப்படி ஒன்றை வாங்கி மூன்று வருடம் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பர் அதே மாதம் பழைய யமஹா எக்ஸ்டி 250 ஒன்றை வாங்கினார். மலைக்குப் பெரும்பாலும் இருவரும் சேர்ந்துதான் போகிறோம். அதனால் ஒரே பாதையில், ஒரே வெயிலில், ஒரே புழுதியில் இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. என் வண்டி எந்த கம்பெனியுடையது என்று இங்கே எழுதவில்லை. ஒரே எஞ்சினைப் போட்டுப் பல பெயர்களில் வருகிற வண்டி அது. சொல்லப்போவது அந்தக் குடும்பத்துக்கே ஏறக்குறைய பொருந்தும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டிக்குக் கொடுக்க எவ்வளவு பணம் இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. அதற்குக் கொடுக்க எத்தனை ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

இருக்கும் வழிகள் நான்கு. முதலாவது, மரச்சட்டமோ இரும்புச்சட்டமோ போட்டுப் பெட்டியாக லாரியில் வந்து வீட்டு வாசலில் இறங்கும் சீன வண்டி. ஹாக் 250 இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். இரண்டாவதும் சீன வண்டிதான். ஆனால் உதிரிபாகத்தை இங்கேயே இருப்பு வைத்து, போன் செய்தால் எடுத்துப் பேசும் இறக்குமதியாளரிடம் வாங்குவது. கலிஃபோர்னியாவில் அசூசா என்ற ஊரில் இருக்கும் சிஎஸ்சி நிறுவனம், சீனாவின் சொங்ஷென் தொழிற்சாலையிலிருந்து வரவழைத்து விற்ற டிடி 250 இதற்கு நல்ல உதாரணம். 2016இல் அது வந்தபோது விலை 2,000 டாலரை ஒட்டித்தான் இருந்தது. மூன்றாவது, கைமாறிய ஜப்பான் வண்டி: யமஹாவின் எக்ஸ்டி 225, எக்ஸ்டி 250, டிடபிள்யூ 200, சுசுகி டிஆர் 200, கவாசாகி கேஎல்எக்ஸ் 250 போன்றவை. நான்காவது, ஷோரூமிலிருந்து புது ஜப்பான் வண்டி.

"இறக்குமதி வண்டி" என்று சீன வண்டியை மட்டும் சொல்வது சரியில்லை. ஷோரூமில் நிற்கும் ஹோண்டா சிஆர்எஃப் 300எல் தாய்லாந்தில் செய்தது. கவாசாகி கேஎல்எக்ஸ் 230 இந்தோனேசியாவில் செய்தது. சேசிஸ் எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள்: சீனாவில் செய்தால் எல், ஜப்பானில் செய்தால் ஜே, இந்தியா, தாய்லாந்து, இந்தோனேசியா மூன்றுக்கும் எம். ஆக வேறுபாடு எங்கே செய்தார்கள் என்பதில் இல்லை. பெட்டியில் போடுவதற்கு முன் யார் கடைசியாக ஒருமுறை போல்ட்டு முறுக்கிப் பார்த்தார்கள், ஐந்து வருடம் கழித்து பிரேக் லீவர் வேண்டுமென்றால் யார் அனுப்புவார்கள் என்பதில் இருக்கிறது.

சீன வண்டியின் எஞ்சினைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் பயப்படுவது அதற்குத்தான். அந்தப் பயம் தேவையில்லை. 250 என்று பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது 229 சிசி. எஞ்சினில் 167 எஃப்எம்எம் என்று பொறித்திருப்பார்கள். முதல் 1 என்றால் ஒற்றை சிலிண்டர், 67 என்றால் சிலிண்டரின் விட்டம் 67 மில்லிமீட்டர். இதன் மூதாதை ஹோண்டா சிஜி 125. வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மேலே இருக்கும் தன் எஞ்சின்கள், எண்ணெய் மாற்றாமல் பராமரிப்பில்லாமல் ஓடும் நாடுகளில் சீக்கிரம் தேய்ந்து போவதைப் பார்த்த ஹோண்டா, அதைத் தாங்குவதற்கென்றே கேமைக் கீழே இறக்கி, வால்வைத் தள்ள புஷ்ராட் என்ற நீளக் கம்பி வைத்து 1976இல் கொண்டுவந்த எஞ்சின் அது. கேம் செயினே கிடையாது, பல்சக்கரம்தான் சுற்றுகிறது. தொய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. பாகிஸ்தானில் அந்த சிஜி 125 இன்னும் தெருவெல்லாம் ஓடுகிறது. சீனாவில் அதை நகலெடுத்து, பெரிதாக்கி, லட்சக்கணக்கில் வார்த்தார்கள். அதனால் பிஸ்டன், கிளட்ச் தட்டு, கேஸ்கெட் போன்றவை எந்த மூலையிலிருந்தும் பத்து இருபது டாலருக்கு வந்துவிடும்.

அந்த எஞ்சினில் டாப்பெட், அதாவது வால்வின் இடைவெளியை, சரிசெய்வது எனக்குப் பிடித்த வேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அதனால் காலையில் காபிக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுவேன். பிளக்கைக் கழற்றி, இடது பக்க மூடியில் இருக்கும் இரண்டு திருகாணி மூடிகளைத் திறந்து, உள்ளே ஸ்பேனரை விட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். டி என்ற எழுத்து சின்ன ஓட்டையில் வந்து நிற்கும்போது மேலே வால்வை அழுத்தும் ராக்கர்கள் இரண்டையும் விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் துளி ஆட்டம் இருந்தால் சரியான இடம். இறுக்கமாக இருந்தால் இன்னொரு முழுச் சுற்று. அப்புறம் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டைச் செருகி இழுத்தால், கட்டுப் புத்தகத்திலிருந்து தாளை உருவுவதுபோல் லேசாகப் பிடித்து வர வேண்டும். மொத்தம் அரை மணி நேரம். சாதாரணக் கருவிகளே போதும். ஊரில் பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி, கையில் எடுத்ததில்லை. இந்த வண்டிதான் எடுக்க வைத்தது.

பிரச்சினை எஞ்சினைச் சுற்றியிருக்கும் மற்றவற்றில்தான். பெட்டியைப் பிரித்ததும் ஹேண்டில், முன்சக்கரம், மட்கார்டு, பேட்டரி நாம்தான் மாட்ட வேண்டும். அது இரண்டு மணி நேர வேலை என்று விற்பவர்கள் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் மாட்டி அனுப்பியதையும் நாம் ஒருமுறை பிரிக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. நான் ஸ்டியரிங் கழுத்தைத் திறந்தபோது பேரிங் குண்டுகள் மேல் மஞ்சள் கறைபோல ஒரு பூச்சு மட்டும் இருந்தது. கிரீஸ் என்று சொல்ல முடியாது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் அச்சு காய்ந்தே இருந்தது. சக்கரக் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது தொப்பென்று செத்த சத்தம் தரும். பின்சக்கரத்தில் ஒன்பது கம்பி செத்த சத்தம். செயின் முதல் 200 மைலிலேயே தொங்க ஆரம்பித்தது. சைலன்ஸர் நட்டு முதல் வாரமே கழன்றது. எல்லா போல்ட்டுக்கும் கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசை போட்டு, தேவையான இடத்தில் கிரீஸ் வைத்து, கம்பிகளை இறுக்கி, முதல்முறை தெருவில் இறக்குவதற்கு எனக்கு மூன்று வார இறுதிகளும் பதினான்கு மணி நேரமும் ஆயின. முதல் 50 மைலில் ஒருமுறை, 300 மைலில் இன்னொருமுறை ஆயில் மாற்றினேன். முதலில் வடிந்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் வெள்ளித்தூள்போல மின்னியது. புது எஞ்சின் படியும்போது வருவதுதான், ஆனால் அதை உள்ளேயே சுற்ற விடக்கூடாது.

இதைச் செய்யாமல் ஓட்டியவர்கள்தான் "சீன வண்டி குப்பை" என்கிறார்கள். செய்தவர்கள் பெரும்பாலும் அமைதியாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். இங்கே பல பட்டறைகள் சீன வண்டியைத் தொடவே மாட்டார்கள். தொடுபவர்களும் மணிக்கு 100 டாலருக்கு மேல் கேட்பார்கள். பதினான்கு மணி நேரத்தை அதோடு பெருக்கிப் பாருங்கள்.

வண்டியைவிட என்னை அதிகம் சோதித்தது காகிதம். பெட்டியோடு தயாரிப்பாளரின் சான்று ஒன்று வர வேண்டும். அதை வைத்துத்தான் பதிவு அலுவலகத்தில் டைட்டில் என்ற உரிமைப் பத்திரமும் பிளேட்டும் வாங்க முடியும். எனக்கு அது நான்கு வாரம் கழித்துத் தபாலில் வந்தது. அதில் சேசிஸ் எண்ணின் ஓர் இலக்கம் தப்பு. வண்டியின் கழுத்தில் 5 என்று பொறித்திருக்கிறது, காகிதத்தில் எஸ் என்று அச்சாகியிருக்கிறது. சேசிஸ் எண்ணில் குழப்பம் வரக்கூடாது என்றே ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளை உலகம் முழுவதும் விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் எஸ்ஸும் 5ம் இரண்டும் செல்லும். கவுன்ட்டரில் இருந்த அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பித் தள்ளினார். அவர் செய்தது சரிதான். திருத்திய சான்றுக்காக விற்றவருக்கு எத்தனை மின்னஞ்சல் போட்டேன் என்று எண்ணவில்லை. வண்டி மே மாதம் வந்தது, பிளேட் ஆகஸ்டில் வந்தது. உயரமான கணவாய்களில் பனி உருகிப் பாதை திறப்பது ஜூன் வாக்கில், அக்டோபரில் மறுபடி பனி. ஒரு பருவத்தில் பாதி காகிதத்துக்குப் போய்விட்டது. அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது: பணம் கட்டும் முன் சான்று எத்தனை நாளில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். அது வந்ததும் வண்டியின் கழுத்தருகே நின்று பதினேழு இலக்கத்தையும் விரல் வைத்துப் படியுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது வழி முதல் வழியைத் தாண்டுகிறது. சிஎஸ்சி போன்ற இறக்குமதியாளரின் வண்டி இயந்திரமாகப் பார்த்தால் பெட்டி வண்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதே புஷ்ராட், அதே 229 சிசி, அதே ஐந்து கியர், ஏறக்குறைய அதே 140 கிலோ. கூடுதலாகக் கொடுக்கும் சில நூறு டாலருக்குக் கிடைப்பது காகிதம் ஒழுங்காக வருவது, பிளாஸ்டிக் மூடியும் ஸ்பீடோமீட்டரும் கியர் லீவரும் அலமாரியில் இருப்பது, எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்று படத்தோடு எழுதிய பராமரிப்புக் குறிப்பு. எஞ்சின் பாகம் எங்கும் கிடைக்கும் என்றேன். சட்டத்தோடு சேர்ந்தவை அப்படியில்லை, அந்த விற்பனையாளரை விட்டால் கதியில்லை. ஒரு கல்லில் சாய்ந்ததில் என் கியர் லீவர் வளைந்து முறிந்தது. மாற்று வர ஏழு வாரம். வேறொரு வண்டியின் லீவரை அறுத்துப் பொருத்தி அந்த ஏழு வாரமும் ஓட்டினேன். மறுபடி சீன வண்டி வாங்குவதென்றால் வண்டியைப் பார்க்கும் முன் விற்பவரின் உதிரிபாகப் பட்டியலைத் திறந்து, கிளட்ச் லீவரும் கியர் லீவரும் இருப்பில் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இனி பணக் கணக்கு. பெட்டி வண்டி லாரிக் கூலியோடு 1,800 டாலர். வரியும் பதிவும் 210. வந்த பேட்டரி இரண்டே மாதத்தில் போனது, புதுசு 45. செயினும் ஸ்பிராக்கெட்டும் 85. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுகள் 20. ஆயிலும் பிளக்கும் 35. பின்டயரும் டியூபும் 95. வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட் 60. அளவாக முறுக்கும் டார்க் ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் 70. ஆக 2,420. மூன்று வருடம், 4,100 மைல் கழித்து, சும்மா விலை தெரிந்துகொள்ளலாம் என்று விளம்பரம் போட்டேன். வந்ததில் உயர்ந்த கேள்வி 900. அப்படியென்றால் இந்த வண்டி மூன்று வருடத்துக்கு என்னிடம் எடுத்துக்கொண்டது 1,520 டாலர்.

நண்பரின் எக்ஸ்டி 250, 2013 மாடல். அந்த வருடம்தான் அதற்கு கார்புரேட்டர் போய், சென்சார் பார்த்துப் பெட்ரோலை அளந்து விடும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. 3,200க்கு வாங்கினார். வரியும் பதிவும் 250. டயர், செயின், பேட்டரி, ஆயில் எல்லாம் சேர்த்து மூன்று வருடத்தில் 300. அவருடைய வண்டிக்கு இப்போது 2,900 தருவதாக ஒருவர் கையில் காசோடு வந்து நின்றார். விற்றிருந்தால் அவருக்கு ஆன செலவு 850.

பாருங்கள், வாங்கும்போது 1,400 டாலர் குறைவாக இருந்த வண்டி, கடைசியில் 670 டாலர் அதிகமாக முடிந்தது. என் பதினான்கு மணி நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. "மலிவு" என்ற ஒரே காரணத்துக்காக சீன வண்டி வாங்குகிறவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துவிடுகிறார்கள். கையில் ஒரே நேரத்தில் 3,000 டாலர் புரட்ட முடியாதவருக்கு 1,800 என்பது உண்மையான வசதிதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு மூன்று மாதம் பொறுத்துச் சேர்க்க முடிகிறவர் பொறுப்பது நல்லது.

பாதையில் எப்படி என்று கேட்டால், நினைத்த அளவுக்கு வேறுபாடு இல்லை. நாங்கள் அதிகம் போவது கோமோ ஊரிலிருந்து பிரெக்கன்ரிட்ஜுக்குப் போகும் போரியாஸ் கணவாய்ப் பாதை. 11,481 அடி. ஒரு காலத்தில் மீட்டர் கேஜைவிடக் குறுகிய தண்டவாளத்தில் ரயில் ஏறிய தடம் அது, அதனால் ஏற்றம் மென்மையாக, வளைந்து வளைந்து போகும். முதல்முறை வருபவருக்கு இதைவிட நல்ல மண்பாதை கிடைக்காது. அங்கே மணிக்கு 20, 25 மைலுக்கு மேல் யாரும் போவதில்லை. அந்த வேகத்தில் என் வண்டியும் அவர் வண்டியும் ஒன்றுதான். அவருடையது பெட்ரோலும் ஆயிலும் நிரப்பியே 132 கிலோ. பாதையோரம் படுத்துவிட்ட வண்டியைத் தூக்கும்போது அந்த எட்டு பத்து கிலோ வித்தியாசம் முதுகுக்குத் தெரியும், மற்ற நேரம் தெரியாது.

உயரம் மட்டும் இரண்டையும் பிரித்துக் காட்டும். ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி போகும், அது எல்லா வண்டிக்கும் உண்டு. கடல் மட்டத்தில் 16 குதிரைசக்தி தருகிற என் எஞ்சின் கணவாய் உச்சியில் 11க்கும் கீழே வந்துவிடும். கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு தொல்லையும் சேரும். மேலே போகப் போகக் காற்று மெலியும், ஆனால் ஜெட் ஓட்டை அதே அளவில்தான் பெட்ரோலை விடும். இந்த வண்டிகள் புகை விதிகளுக்காகப் பெட்ரோல் குறைவாகக் கலக்கும்படி அமைக்கப்பட்டு வருகின்றன, பெரிய ஜெட் போடு என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்பவர்கள் கடல் மட்டத்து ஊர்க்காரர்கள். நான் டென்வரில், 5,280 அடியில் இருந்துகொண்டு அவர்கள் சொன்ன அளவைப் போட்டேன். போரியாஸில் கடைசி மூன்று மைல் வண்டி இருமிக்கொண்டே ஏறியது. உச்சியில் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரிபோல் கறுப்பு. வீட்டுக்கு வந்து தொழிற்சாலை அளவையே திரும்பப் போட்டேன். டென்வருக்கு அதுவே அளவாக இருந்தது. நண்பரின் வண்டி இதெல்லாம் தெரியாமல் ஏறி இறங்கியது, கலவையை அதுவே பார்த்துக்கொள்கிறது.

அப்படியானால் இன்ஜெக்ஷன் வைத்த சீன வண்டி வாங்கலாமா? இப்போது அவையும் வருகின்றன. என் மனம் அதற்கு இடம் தரவில்லை. கார்புரேட்டர் கெட்டால் 30 டாலருக்கு முழுதாகவே புதுசு மாட்டிவிடலாம், காட்டுக்குள் வைத்தும் பிரிக்கலாம். சென்சார் கெட்டால் அதே விற்பனையாளரின் தயவுதான். மலிவு வண்டியில் கார்புரேட்டர், ஜப்பான் வண்டியில் இன்ஜெக்ஷன். நான் இப்படித்தான் பிரித்துக்கொள்வேன்.

நெடுஞ்சாலையில் இரண்டுமே பாவம். மலைக்குப் போகும் 285ஆம் எண் சாலையில் கெனோஷா கணவாய் ஏறும்போது என் வண்டி நாலாவது கியரில் 45 மைலுக்கு இறங்கிவிடும். அவர் வண்டி 55 போகும். பின்னால் பிக்கப் டிரக் முட்டுவதுபோல் வந்து நிற்கும். அது பாதுகாப்பில்லை. இப்போதெல்லாம் அவருடைய டிரக்கில் இரண்டையும் ஏற்றி மண்பாதை தொடங்கும் இடத்தில்தான் இறக்குகிறோம். டிரக்கோ டிரெய்லரோ இல்லாமல், வீட்டிலிருந்தே நெடுஞ்சாலையில் ஓட்டிப் போயாக வேண்டும் என்றால் முதல் மூன்று வழியும் உங்களுக்குச் சரிப்படாது. நீங்கள் நான்காவது வழிக்குத்தான் போக வேண்டும்.

அதாவது புது ஜப்பான் வண்டி. 2020இல் கேஎல்எக்ஸ் 230 வந்தபோது 4,599 டாலர். எக்ஸ்டி 250 அப்போது 5,199. அடுத்த வருடம் வந்த சிஆர்எஃப் 300எல் 5,249. இவை ஷோரூம் பலகையில் எழுதிய விலை. டீலர் சேர்க்கும் போக்குவரத்து, தயாரிப்புக் கட்டணங்களோடு ஆயிரத்துக்குக் குறையாமல் ஏறும். மூன்றில் நெடுஞ்சாலைக்கு ஓரளவு ஈடுகொடுப்பது 286 சிசியும் ஆறு கியரும் உள்ள சிஆர்எஃப்தான். வாங்கிய அன்றே ஓட்டலாம், கவலை இல்லை. ஆனால் புது வண்டியை மண்ணில் சாய்க்க மனம் வராது. முதல் வருடம் எல்லோரும் சாய்ப்போம், அதுதான் கற்றுக்கொள்ளும் வழி.

ஊரிலிருந்து வந்தவர்கள் எக்ஸ்பல்ஸ் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். 2019இல் ஹீரோ அதை ஒரு லட்ச ரூபாயை ஒட்டிய விலைக்குக் கொண்டுவந்தபோது எனக்கும் பொறாமையாகத்தான் இருந்தது. இந்த வேலைக்கு அளவெடுத்துச் செய்த வண்டி, ஆனால் அமெரிக்காவில் விற்பதில்லை. விற்கும் நம் ஊர் வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். 411 சிசி மாடல் 2018இல் 4,499 டாலருக்கு வந்தது. மண்பாதையில் சுகமாகப் போகும். எடை 190 கிலோவைத் தாண்டுவதால் ஒற்றை ஆளாகக் காட்டுத்தடத்தில் சாய்த்துவிட்டால் தூக்குவது கஷ்டம். தனியாகப் போகிறவருக்கு அதைச் சொல்லமாட்டேன்.

கைமாறிய ஜப்பான் வண்டி என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. டைட்டில் விற்பவர் பெயரில் இருக்க வேண்டும், அதில் உள்ள எண்ணும் கழுத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நாம் போகும் முன் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆறிய எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் பாதி உண்மை இருக்கிறது. 2007 வரை வந்த எக்ஸ்டி 225ம் அதன்பின் வந்த முதல் எக்ஸ்டி 250களும் கார்புரேட்டர் வண்டிகள். எத்தனால் கலந்த பெட்ரோலோடு இரண்டு குளிர்காலம் கொட்டகையில் நின்றிருந்தால் ஜெட் அடைத்திருக்கும். விற்பவர் "சின்ன வேலைதான்" என்பார். உண்மையிலேயே சின்ன வேலைதான், ஆனால் அதைக் காட்டி 300 டாலர் குறைத்துக் கேட்கலாம். குள்ளமானவர்களும், முதல்முறை ஓட்டுகிறவர்களும் டிடபிள்யூ 200ஐ ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கொழுத்த டயர், தாழ்ந்த சீட், இரண்டு காலும் தரையில் ஊன்றும். 1987இலிருந்து பெரிய மாற்றமில்லாமல் வருகிறது, அதனால் பழையதற்கும் பாகம் கிடைக்கும்.

ஆக, கருவிப்பெட்டியும் கராஜும் இருக்கிறது, எஞ்சினைக் கையால் தொட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆர்வமும் இருக்கிறது என்றால் உதிரிபாகம் வைத்திருக்கும் இறக்குமதியாளரிடம் சீன வண்டி வாங்குங்கள், மகிழ்ச்சியாக இருப்பீர்கள். நான் இருக்கிறேன். அந்த 900 டாலருக்கு என் வண்டியைக் கொடுக்கவில்லை. சனிக்கிழமை ஓட்டினால் போதும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துக்கு என்றால் கைமாறிய ஜப்பான் வண்டி. பெயர் தெரியாத விற்பனையாளரிடம் பெட்டி வண்டி வாங்குவதை, நான் வாங்கியிருந்தும், இப்போது யாருக்கும் சொல்வதில்லை.

கேட்ட மூன்று பேரில் கடைசி ஆள் என்னோடு வேலை செய்யும் தம்பி. அப்பார்ட்மென்ட்டில் இருக்கிறார், கராஜ் கிடையாது, கைக்குழந்தை வேறு. பெட்டி வண்டியை கார்ட்டில் போட்டுவிட்டு எனக்கு போன் செய்தார். வேண்டாம் என்றேன். இரண்டு மாதம் தேடி, பியூப்லோ என்ற ஊரில் 2009 எக்ஸ்டி 250 ஒன்றை 2,700க்குப் பிடித்தார். சோக் போட்டால்தான் எஞ்சின் ஓடும், எடுத்தால் அணைந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கராஜில் வைத்து கார்புரேட்டரைப் பிரித்தோம். குறைந்த வேகத்தில் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டைக் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கிடார் கம்பி ஒன்றை மெதுவாக விட்டு எடுத்து, மறுபடி கழுவி, அவர் கையிலேயே கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "வெளிச்சம் தெரியுது அண்ணா" என்றார். மாட்டி, சோக்கை எடுத்தோம். அணையாமல் ஓடியது.